ஜாடி மூடியைத் திறக்க முடிகிறதா? ஒரு கேள்வித்தாள் துருக்கி மொழிக்குப் போகும் வழி

"கடந்த ஒரு வாரத்தில், இறுக்கமாக மூடியிருந்த ஜாடியையோ புதிதாக வாங்கிய ஜாடியையோ திறப்பது உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது?" கையிலோ தோளிலோ பிரச்சினை என்று வருபவர்களுக்குப் பல நாடுகளில் கொடுக்கப்படும் ஒரு கேள்வித்தாள் இப்படித்தான் தொடங்குகிறது. ஐந்து பதில்களில் ஒன்றைக் குறிக்க வேண்டும்: கஷ்டமே இல்லை, கொஞ்சம் கஷ்டம், நடுத்தரமான கஷ்டம், ரொம்பக் கஷ்டம், முடியவே இல்லை.

இந்தக் கேள்வித்தாள் துருக்கி மொழிக்குப் போனது என்று சொன்னால், "ஓ, மொழிபெயர்த்தார்களா?" என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் முடிந்துவிடும் வேலை, இதற்கு எதற்கு ஒரு குழு, மாதக்கணக்கில் உழைப்பு என்று தோன்றுகிறது. பிஸியோதெரபி படிக்கும் மாணவர்களே இப்படி நினைப்பதுண்டு. மொழிபெயர்ப்பு இந்த வேலையில் ஒரு பங்குதான், அதுவும் சிறிய பங்கு. மீதிப் பங்கு என்ன என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். மருத்துவமோ புள்ளியியலோ தெரிந்திருக்க வேண்டியதில்லை.

எக்ஸ்ரேயில் தெரியாதது

ஒருவர் கீழே விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கட்டுப் போட்டு, ஆறு வாரம் கழித்துப் பிரிக்கிறார்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் எலும்பு அழகாகச் சேர்ந்திருக்கிறது. மருத்துவருக்குத் திருப்தி. ஆனால் விழுந்தவரால் ஈரத் துணியை முறுக்கிப் பிழிய முடியவில்லை, சாவியைத் திருப்ப முடியவில்லை, இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. அதே போன்ற எக்ஸ்ரே உள்ள இன்னொருவர் எல்லா வேலையும் செய்துகொண்டு இருப்பார்.

இந்த வித்தியாசம் எந்தப் படத்திலும் தெரியாது. அந்த ஆளைக் கேட்டால்தான் தெரியும். சரி, எப்படிக் கேட்பது? "இப்போ எப்படி இருக்கு?" என்றால் "பரவாயில்லை" என்பார். போன மாதமும் அதே "பரவாயில்லை"தான் சொன்னார். அதை வைத்து முன்னேற்றம் உண்டா என்று கண்டுபிடிக்க வழியில்லை. அதனால் எல்லோரிடமும் ஒரே கேள்விகளை, ஒரே வரிசையில், ஒரே மாதிரிப் பதில்களோடு கேட்டு, பதில்களை எண்ணாக மாற்றுகிறார்கள். இதைத்தான் நோயாளி நிரப்பும் கேள்வித்தாள் என்கிறோம். மருத்துவர் பார்த்துச் சொல்வதில்லை, நோயாளியே தன் கையைப் பற்றிச் சொல்வது.

அப்படிப்பட்ட ஒன்றுதான் டேஷ். கை, தோள், கரம் (மணிக்கட்டுக்குக் கீழே உள்ள பகுதி) ஆகியவற்றின் இயலாமை என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரின் சுருக்கம் அது. கனடாவின் டொரோன்டோவில் உள்ள வேலை மற்றும் உடல்நல ஆய்வு நிறுவனமும் அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர்களின் சங்கமும் சேர்ந்து உருவாக்கி, 1996-இல் வெளியிட்டார்கள். மொத்தம் 30 கேள்விகள். ஜாடி திறப்பது, எழுதுவது, சாவி திருப்புவது, கனமான கதவைத் தள்ளித் திறப்பது, தலைக்கு மேல் உள்ள அலமாரியில் பொருள் வைப்பது, முதுகு தேய்ப்பது என்று முதல் 21 கேள்விகளும் வேலைகளைப் பற்றியவை. மற்றவை வலி, மதமதப்பு, தூக்கம், சமூக வாழ்க்கை, தன்னம்பிக்கை பற்றியவை.

கணக்கு எளிது. ஒவ்வொரு பதிலுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். எல்லாவற்றின் சராசரியை எடுத்து, அதில் ஒன்றைக் கழித்து, 25-ஆல் பெருக்க வேண்டும். ஒருவர் 30 கேள்விக்கும் பதில் சொல்லி மொத்தம் 75 வந்தால் சராசரி 2.5. ஒன்று போனால் 1.5. இருபத்தைந்தால் பெருக்கினால் 37.5. பூஜ்யம் என்றால் ஒரு கஷ்டமும் இல்லை, நூறு என்றால் கையால் எதுவுமே முடியவில்லை. அதிகபட்சம் மூன்று கேள்விகளை விட்டுவிடலாம். நான்காவது ஒன்றும் காலியாக இருந்தால் அந்தத் தாளுக்கு மதிப்பெண் போடக்கூடாது என்பது விதி. இந்த விதி பின்னால் வேலைக்கு வரும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: எக்ஸ்ரே காட்டாத ஒன்றை அளக்கக் கேள்விகளைக் கருவியாகப் பயன்படுத்துகிறார்கள். டேஷ் அப்படி ஒரு கருவி. அது கடைசியில் தருவது ஓர் எண்.

கேள்விதான் எடைக்கல்

தட்டுத் தராசை நினைத்துப் பாருங்கள். ஒரு தட்டில் பொருள், இன்னொரு தட்டில் எடைக்கல். டேஷில் ஒவ்வொரு கேள்வியும் ஓர் எடைக்கல். ஜாடி திறப்பது இவ்வளவு பலம் கேட்கும், எழுதுவது இவ்வளவு கேட்கும் என்ற அனுமானம் ஒவ்வொன்றின் பின்னாலும் இருக்கிறது. அந்தக் கற்கள் கனடாவிலும் அமெரிக்காவிலும் நிறுத்துப் பார்க்கப்பட்டவை. தராசை வேறு ஊருக்குக் கொண்டுபோகும்போது கல்லுக்குப் பதிலாக அங்கே கிடைக்கும் வேறு கல்லை வைத்தால், அது அதே எடைதானா என்று பார்க்க வேண்டாமா?

எண்ணிலேயே காட்டுகிறேன். டேஷின் 18-ஆம் கேள்வி, கையில் ஓரளவு விசையோ அதிர்ச்சியோ விழும் பொழுதுபோக்குகளைப் பற்றியது. உதாரணமாகக் கோல்ஃப், டென்னிஸ், சுத்தியல் வேலை ஆகியவற்றைச் சொல்கிறது. 19-ஆம் கேள்வி கையைத் தாராளமாக வீசும் விளையாட்டுகளைப் பற்றியது. அதில் ஃபிரிஸ்பீயும் பாட்மின்டனும் வருகின்றன. துருக்கியின் நடுப்பகுதியில், கோன்யா பக்கத்து ஊர் ஒன்றில் வாழும் அறுபது வயதுப் பெண்மணி கோல்ஃப் மட்டையைக் கையில் பிடித்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அவர் என்ன செய்வார்? "இதெல்லாம் என்னால் எங்கே முடியும்?" என்று இரண்டிலும் "முடியவே இல்லை" என்பதைக் குறிப்பார். அவருடைய கை உண்மையில் "கொஞ்சம் கஷ்டம்" என்ற அளவில்தான் இருக்கிறது. அதாவது இரண்டுக்குப் பதில் ஐந்து, இரண்டு தடவை. மொத்தத்தில் ஆறு கூடிவிட்டது. ஆறை முப்பதால் வகுத்து இருபத்தைந்தால் பெருக்கினால் ஐந்து புள்ளி.

ஐந்து புள்ளி சின்ன விஷயம் இல்லை. டேஷில் ஏறத்தாழ பத்துப் புள்ளி மாறினால்தான் நோயாளியே தனக்கு ஒரு மாற்றம் வந்ததாக உணர்கிறார் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதில் பாதியை, கையில் எந்தக் கோளாறும் கூடாமலேயே, இரண்டு அந்நிய விளையாட்டுகள் சேர்த்துவிட்டன.

சொல் பொருந்துவது ஒன்று, வாழ்க்கை பொருந்துவது இன்னொன்று

இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் ஒரு நீளமான பெயர் உண்டு. தமிழில் பண்பாட்டுத் தழுவல் என்று சொல்லலாம். ஒரு கேள்வித்தாள், புதிய மொழியிலும் புதிய வாழ்க்கையிலும், பழையது அளந்த அதே விஷயத்தை அதே அளவில் அளக்கும்படி செய்வது. இதற்கு நான்கு வகைப் பொருத்தங்களைப் பார்க்கிறார்கள். நான்குமே துருக்கி மொழியில் சுவாரசியமானவை, அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

முதலாவது, சொல்லின் பொருள் பொருந்துகிறதா என்பது. வலியையே எடுத்துக்கொள்ளுங்கள். துருக்கி மொழியில் உடம்பில் வரும் பொதுவான வலிக்கு "ஆரு" என்பார்கள். "அஜு" என்றால் சுரீர் என்ற வலி, மனவேதனை, கசப்பு, காரம் எல்லாம் அதில் அடக்கம். மெதுவாக உள்ளுக்குள் குடையும் வலிக்கு "சுஸு". மூன்று சொல்லின் கடைசி உகரமும் நம் குற்றியலுகரம் போல உதடு குவியாமல் ஒலிக்கும் என்பது தமிழ்க் காதுக்கு ஓர் ஆச்சரியம். ஆங்கிலத்தின் ஒற்றைச் சொல்லுக்கு இந்த மூன்றில் எதை வைப்பது? "அஜு" என்று வைத்தால் சுரீர் என்று குத்தாத, நாள் முழுக்க இருக்கும் வலியை ஒருவர் சொல்லாமல் விட்டுவிடக்கூடும்.

பலவீனத்திலும் இதே சிக்கல். ஆங்கிலத்தில் கையின் பலவீனம் என்று எளிதாகக் கேட்டுவிடலாம். துருக்கியில் "ஸயுஃப்" என்ற சொல் பலவீனமானவர் என்றும் பொருள்படும், ஒல்லியானவர் என்றும் பொருள்படும். உடம்பே அசந்துபோன சோர்வுக்கு "ஹால்சிஸ்லிக்". பலம் இல்லாமை என்று நேராகச் சொல்வது "குச்சுஸ்லுக்". தோள் தசைநார் கிழிந்தவரிடம் முதல் சொல்லில் கேட்டால் அவர் தன் கை இளைத்திருக்கிறதா என்று பார்க்கக்கூடும். இரண்டாவதில் கேட்டால் காய்ச்சலுக்குப் பின் வரும் அயர்ச்சியை நினைப்பார்.

காலம் குறிக்கும் சொல்லில் ஒளிந்திருக்கும் தவறு இன்னும் நுட்பமானது. டேஷின் பெரும்பாலான கேள்விகள் கடந்த ஒரு வாரத்தைப் பற்றியவை. துருக்கியில் "கெச்சென் ஹஃப்தா" என்று எழுதினால் அது நம் "போன வாரம்" மாதிரி. புதன்கிழமை ஒருவர் தாளை நிரப்பினால், முந்தைய திங்கள் முதல் ஞாயிறு வரை என்று எடுத்துக்கொண்டு, நேற்றும் முந்தாநாளும் பட்ட வலியைக் கணக்கில் சேர்க்காமல் விடலாம். "சொன் பிர் ஹஃப்தா" என்றால் இன்றோடு முடியும் ஏழு நாள். கட்டுப் பிரித்த முதல் வாரத்தில் இருக்கும் ஒருவருக்கு இந்த இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் உண்டு.

இரண்டாவது, வழக்குத் தொடர்கள். ஆங்கிலத்தில் கை மரத்துப்போய் வரும் உணர்வை "குண்டூசிகளும் ஊசிகளும்" என்ற தொடரால் விளக்குவார்கள், டேஷின் 26-ஆம் கேள்வியிலும் அப்படித்தான் இருக்கிறது. துருக்கிக்காரர்களுக்குக் கால் மரத்துப்போனால் நினைவுக்கு வருவது எறும்பு. "கருன்ஜா" என்றால் எறும்பு. அதிலிருந்து வரும் "கருன்ஜாலன்மா" என்பது அந்த உணர்வின் அன்றாடப் பெயர். நாமும் "எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு" என்கிறோமே, அதே உணர்வுதான். ஆங்கிலத்தின் ஊசியை விட்டுத் துருக்கியின் எறும்பைப் பிடித்தால்தான் கேள்வி அதே இடத்தில் போய் நிற்கும்.

மூன்றாவது, அனுபவம் பொருந்துகிறதா என்பது. கோல்ஃபும் ஃபிரிஸ்பீயும் இந்தக் கணக்கில் வருபவை. அதற்காக எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. ஜாடி துருக்கியில் மிக நன்றாகவே பொருந்துகிறது. ஊறுகாய், தக்காளியையும் மிளகாயையும் அரைத்துக் காய்ச்சிய விழுது, பழப்பாகு என்று குளிர்காலத்துக்காக வீட்டிலேயே ஜாடியில் அடைத்து வைக்கும் பழக்கம் அங்கே ஊறியது. இறுக்கமான மூடியைப் பற்றி அங்குள்ள பெண்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அதிகம் பலம் கேட்காத பொழுதுபோக்குக்கு உதாரணமாக வரும் பின்னலும் சீட்டாட்டமும் கூடச் சிக்கல் இல்லை. கனமான பொருள் தூக்கும் கேள்வியில்தான் ஆங்கிலத்தில் 10 பவுண்டு என்று இருக்கிறது. துருக்கி 1931-இலேயே சட்டம் போட்டு மெட்ரிக் அளவுக்கு மாறிய நாடு. அங்கே பவுண்டு யாருக்கும் கையில் நிற்காது. பத்துப் பவுண்டு என்பது நாலரைக் கிலோ, கேள்வித்தாளில் நாலரைக் கிலோ என்று எழுதினால் யாராலும் கற்பனை செய்ய முடியாது. ஐந்து கிலோ என்று சொன்னால் உடனே புரியும். எடைக்கல் கொஞ்சம் கூடுகிறது, ஆனால் கேள்வி பிழைக்கிறது. இப்படிப்பட்ட தீர்ப்புகளைத்தான் ஒரு குழு உட்கார்ந்து எடுக்க வேண்டியிருக்கிறது.

பயணம் பற்றிய 20-ஆம் கேள்வியும் எனக்குப் பிடித்தமானது. ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போய்வர முடிகிறதா என்று மட்டும் அது கேட்கிறது. சொந்தக் காரில் போகிறவருக்குக் கை வேலை என்றால் ஸ்டியரிங்கும் சீட் பெல்ட்டும். இஸ்தான்புல்லில் தோல்முஷ் என்ற பகிர்வு வண்டியில் போகிறவருக்கு வேறு. பின்னால் இருப்பவர்கள் நீட்டும் காசை வாங்கி முன்னால் இருப்பவரிடம் கொடுக்க வேண்டும், சில்லறை அதே வழியில் கைமாறித் திரும்பி வரும். வண்டி திரும்பும்போது கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கேள்வியின் வாசகம் பொதுவாக இருப்பதால் இரண்டு வாழ்க்கையும் அதில் அடங்குகின்றன. நல்ல கேள்வியின் அடையாளம் அது.

நான்காவது, கருத்தே பொருந்துகிறதா என்பது. சமைப்பது எவ்வளவு கஷ்டம் என்ற கேள்வி, முடியுமா என்று கேட்கிறது, வழக்கமாகச் செய்கிறீர்களா என்று கேட்கவில்லை. வாழ்நாளில் அடுப்புப் பக்கம் போகாத ஆண் ஒருவர் அதை இரண்டாவது விதமாகத்தான் படிப்பார். செய்ய வாய்ப்பே வராத வேலையாக இருந்தால், செய்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பதில் சொல்லுங்கள் என்று டேஷின் முகப்புக் குறிப்பு சொல்கிறது. எந்தக் கையால் செய்தாலும் சரி, வேலை முடிகிறதா என்பதுதான் கேள்வி என்றும் சொல்கிறது. அந்த இரண்டு வரியையும் பாதிப் பேர் படிக்காமலேயே கேள்விக்குத் தாவிவிடுவார்கள், நாமும் அப்படித்தானே படிவங்களை நிரப்புகிறோம். அதனால் குறிப்பின் மொழி கேள்வியின் மொழியை விடவும் பளிச்சென்று இருக்க வேண்டும்.

தமிழர்களுக்கு இங்கே கூடுதலாக ஒன்று புரியும். நமக்குக் "கை" என்றால் விரல் நுனியிலிருந்து தோள் வரை. துருக்கியில் ஆங்கிலத்தைப் போலவே கரத்துக்கு ஒரு சொல், அதற்கு மேற்பட்ட கைக்கு வேறு சொல். ஆனால் அந்த மேல் கைக்கான சொல்லே சட்டைக் கைக்கும் வரும், நம் முழுக்கைச் சட்டை மாதிரியே. நோயாளியை மரியாதையாகக் கூப்பிட "நீங்கள்" போல "சிஸ்", நெருக்கமாகக் கூப்பிட "நீ" போல "சென்" என்ற பிரிவும் அங்கே உண்டு. ஆங்கிலத்தில் இந்தத் தேர்வே வராது.

சுருக்கமாக: சொல், வழக்கு, அனுபவம், கருத்து என்று நான்கு இடங்களில் ஒரு கேள்வி வழுக்கலாம். அகராதி முதல் இடத்தில் மட்டும்தான் உதவும்.

வேலை எப்படி நடக்கிறது

2000-ஆம் ஆண்டில் டார்கஸ் பீட்டன் உள்ளிட்ட நால்வர் ஸ்பைன் என்ற மருத்துவ இதழில் இதற்கு ஒரு வழிமுறை எழுதினார்கள். அன்றிலிருந்து பல மொழிகளில் அதைப் பின்பற்றுகிறார்கள். முதலில் துருக்கியைத் தாய்மொழியாகக் கொண்ட இருவர் தனித்தனியாக மொழிபெயர்ப்பார்கள். ஒருவருக்குக் கேள்வித்தாள் எதை அளக்கிறது என்று தெரியும். இன்னொருவருக்குத் தெரியாது, மருத்துவப் பின்னணியும் இருக்காது. தெரிந்தவர் துல்லியத்தைப் பார்ப்பார், தெரியாதவர் வீட்டில் பேசும் மொழியைக் கொண்டுவருவார். இருவரும் உட்கார்ந்து வேறுபாடுகளைப் பேசி ஒரே பிரதி ஆக்குவார்கள்.

அப்புறம் வருவது பின்மொழிபெயர்ப்பு. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட வேறு இருவர், மூலத்தைப் பார்க்காமல், துருக்கிப் பிரதியை ஆங்கிலத்துக்குத் திருப்புவார்கள். திரும்பி வந்தது மூலத்தை விட்டு விலகியிருந்தால் எங்கோ தவறு.

இந்தப் படியைப் பற்றித்தான் பெரிய தவறான நம்பிக்கை நிலவுகிறது. திரும்பி வந்தது மூலத்தோடு அப்படியே ஒத்துப்போனால் மொழிபெயர்ப்பு சரி என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஊசித் தொடரை எவராவது சொல்லுக்குச் சொல் துருக்கியில் போட்டார் என்று வைத்துக்கொள்வோம். அதை ஆங்கிலத்துக்குத் திருப்பினால் அச்சு அசலாக அதே ஊசிகள் வந்து நிற்கும். நூற்றுக்கு நூறு. ஆனால் அதைப் படிக்கும் நோயாளி தனக்கு ஊசி போட்டார்களா என்று கேட்கிறார்களோ என்று யோசிப்பார். சரியாக எறும்பு என்று மாற்றிய மொழிபெயர்ப்போ, திரும்பி வரும்போது மூலத்திலிருந்து விலகியதாகத் தெரியலாம். ஆக, மோசமான மொழிபெயர்ப்பு இந்தச் சோதனையில் தேறிவிடவும் நல்லது மாட்டிக்கொள்ளவும் வாய்ப்பு இருக்கிறது. பின்மொழிபெயர்ப்பு பெரிய ஓட்டைகளைக் காட்டும், அவ்வளவுதான். நுட்பமானவற்றுக்கு வேறு வழி வேண்டும்.

அதனால்தான் அடுத்து ஒரு வல்லுநர் குழு கூடுகிறது. மருத்துவர்கள், பிஸியோதெரபிஸ்ட்கள், மொழி தெரிந்தவர்கள், மொழிபெயர்த்தவர்கள் எல்லோரும் கேள்வி கேள்வியாகப் பார்த்து நான்கு பொருத்தங்களையும் எடைபோடுகிறார்கள். ஒவ்வொரு முடிவையும் காரணத்தோடு எழுதி வைக்க வேண்டும். பவுண்டு ஏன் கிலோவானது என்று பத்து வருடம் கழித்து ஒருவர் கேட்டாலும் பதில் இருக்க வேண்டும்.

முப்பது நாற்பது பேர் முன்னால்

என் பார்வையில் மொத்த வேலையின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. வழிமுறை 30 முதல் 40 நோயாளிகளைச் சொல்கிறது. ஒவ்வொருவரும் தாளை நிரப்பிய பிறகு, ஒவ்வொரு கேள்வியிலும் என்ன புரிந்தது, ஏன் அந்தப் பதிலைக் குறித்தார்கள் என்று கேட்க வேண்டும். பதில் சரியா என்று பார்ப்பதற்காக இல்லை, கேள்வி சரியா என்று பார்ப்பதற்காக.

ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். தோள் இறுகிப்போன ஒரு பெண்மணி. தலைக்கு மேல் அலமாரியில் பொருள் வைக்கும் கேள்விக்கு "கஷ்டமே இல்லை" என்று குறித்திருக்கிறார். ஆனால் அவரால் கையைக் காதுக்கு மேல் தூக்க முடியவில்லை என்று பரிசோதனையில் தெரிந்திருக்கிறது. கேட்டால் சொல்கிறார்: "மேல் அலமாரியில் எதையும் வைப்பதையே விட்டுவிட்டேனே, அதனால் கஷ்டம் இல்லை." அவர் பொய் சொல்லவில்லை. கேள்வியை அவர் வாழ்க்கை படித்த விதம் அது. வாசகம் "முடிகிறதா" என்பதை இன்னும் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று குழுவுக்கு இப்போது தெரிகிறது. எந்தப் பின்மொழிபெயர்ப்பும் இதைக் கண்டுபிடித்திருக்காது.

காலியாக விட்ட இடங்களும் பேசும். டேஷின் 21-ஆம் கேள்வி தாம்பத்திய உறவில் உள்ள சிரமத்தைப் பற்றியது. பல நாடுகளில் அதிகமாகக் காலியாக விடப்படும் கேள்வி இதுதான். காரணம் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் கணக்கு விதியை நினைவில் கொள்ளுங்கள்: மூன்று வரை விடலாம். கோல்ஃப், ஃபிரிஸ்பீ, தாம்பத்தியம் என்று மூன்றையும் விட்ட ஒருவர் வேறு ஏதேனும் ஒன்றையும் மறந்துவிட்டால், அவருடைய தாள் முழுதும் கணக்கிலிருந்து போய்விடும். அப்படிப் போவது யாருடைய தாள்? பெரும்பாலும் வயதானவர்கள், கிராமத்தவர்கள், பெண்களுடையது. ஆய்வில் அவர்கள் குரலே இல்லாமல் போகும். அதனால் அந்தக் கேள்வியை எடுத்துவிடலாமா என்று கேட்டால், கூடாது. மூலத்தின் 30 கேள்விகள் 29 ஆனால் மற்ற நாடுகளோடு ஒப்பிடுவது கெட்டுவிடும். தாளைத் தனியாக உட்கார்ந்து நிரப்ப இடம் கொடுப்பது, பெயர் எழுதாமல் மடித்துப் போடச் சொல்வது போன்ற வழிகள்தான் உண்டு.

அதே எண் திரும்ப வருமா?

வாசகம் முடிவான பிறகு, கருவியைக் கருவியாகவே சோதிக்கிறார்கள். இங்கே இரண்டு சொற்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

ஒன்று நம்பகத்தன்மை. எடை பார்க்கும் மிஷினில் ஏறி இறங்கி மறுபடி ஏறினால் அதே எண் காட்ட வேண்டும். கேள்வித்தாளில் இதைச் சோதிக்க, நிலைமை மாறாத நோயாளிகளிடம் சில நாள் இடைவெளியில் இரண்டு முறை கொடுக்கிறார்கள். மறுநாளே கொடுத்தால் நேற்றுச் சொன்ன பதிலை ஞாபகம் வைத்துச் சொல்வார்கள். இரண்டு மாதம் கழித்துக் கொடுத்தால் கையே மாறியிருக்கும். ஒரு வாரம், இரண்டு வாரம் என்று நடுவில் வைப்பதுண்டு. முப்பது கேள்விகளும் ஒரே திசையில் இழுக்கின்றனவா என்றும் பார்ப்பார்கள். குரோன்பாக் ஆல்பா என்ற எண்ணால் அதைச் சொல்வார்கள். 0.7-க்கு மேல் இருந்தால் ஏற்கிறார்கள், ஆனால் 0.95-ஐத் தாண்டினால் ஒரே கேள்வியை வேறு வேறு வார்த்தையில் கேட்டிருக்கிறார்களோ என்ற சந்தேகம் வரும்.

இன்னொன்று ஏற்புடைமை. எதை அளப்பதாகச் சொல்கிறதோ அதைத்தான் அளக்கிறதா என்பது. எடை மிஷின் ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணைக் காட்டலாம், ஆனால் அது உயரத்தைக் காட்டினால் பயனில்லை. துருக்கி டேஷில் அதிக மதிப்பெண் வந்தவருக்குப் பிடியின் பலம் குறைவாகவும் வலி அளவு அதிகமாகவும் இருக்கிறதா என்று ஒப்பிடுவார்கள். முன்கூட்டியே எதிர்பார்ப்பை எழுதி வைத்துவிட்டு ஒப்பிடுவதுதான் நேர்மையான முறை.

நினைவில் வைக்க: நம்பகத்தன்மை என்றால் அதே எண் திரும்ப வருவது, ஏற்புடைமை என்றால் அந்த எண் சரியான விஷயத்தைப் பற்றியது.

டேஷின் துருக்கிப் பதிப்பு இந்தச் சோதனைகளைக் கடந்து, அங்காராவின் ஹாஜெத்தெப்பே பல்கலைக்கழகப் பிஸியோதெரபிஸ்ட்கள் முன்னின்று எழுதிய கட்டுரையாக 2006-இல் அந்நாட்டு பிஸியோதெரபி இதழில் வெளிவந்தது. டேஷ் இப்போது 50-க்கும் மேற்பட்ட மொழிகளில் இருக்கிறது.

புதிதாகத் துருக்கிக் கேள்வித்தாளையே எழுதியிருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எழுதினால் அங்குள்ள வாழ்க்கைக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும். ஆனால் அங்காராவில் தோள் அறுவை செய்துகொண்டவர்கள் டொரோன்டோவில் செய்துகொண்டவர்களை விட நன்றாக இருக்கிறார்களா, மோசமாக இருக்கிறார்களா என்று சொல்ல முடியாது. பொதுவான அளவுகோல் இருந்தால்தான் பல நாட்டு நோயாளிகளை ஒரே ஆய்வில் சேர்க்க முடியும்.

எங்கே, யாரிடம்?

"சோதிக்கப்பட்டது" என்று ஒரு கேள்வித்தாளுக்கு முத்திரை விழுந்தால் அது என்றைக்கும், எல்லோருக்கும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் குறிப்பிட்ட மக்களிடம், குறிப்பிட்ட வாசகம் சோதிக்கப்பட்டிருக்கிறது. டேஷுக்கு 2005-இல் 11 கேள்விகள் மட்டும் கொண்ட குறும்பதிப்பு வந்தது. துருக்கி மொழியின் 30-இல் அந்தப் பதினொன்றைப் பிய்த்து எடுத்துவிட்டால் போதும் என்று இருக்க முடியாது, அந்தப் பதினொன்றும் தனியாக நிற்குமா என்று மறுபடி பார்க்க வேண்டும்.

துருக்கி மொழி துருக்கிக்குள் மட்டும் பேசப்படுவதும் இல்லை. 1961-இல் மேற்கு ஜெர்மனி துருக்கியோடு ஆள் சேர்ப்பு ஒப்பந்தம் போட்டது. ஆலைகளிலும் சுரங்கங்களிலும் வேலைக்குப் போனவர்கள் அங்கேயே தங்கினார்கள். தோளும் மணிக்கட்டும் தேய்ந்த அந்தத் தலைமுறை இன்று முதுமையில் இருக்கிறது. பலருக்கு ஜெர்மன் பேச வரும், ஆனால் வலியைப் பற்றிப் பேசத் தாய்மொழிதான் வரும்.

அப்படி ஒரு மூதாட்டி மருத்துவமனைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடவே பேத்தி. வரவேற்பில் ஜெர்மன் மொழித் தாளைக் கொடுக்கிறார்கள். பேத்தி ஒவ்வொரு கேள்வியையும் படித்து, பாட்டிக்குத் துருக்கியில் சொல்லி, பதிலைக் குறிக்கிறாள். உதவிதான், அன்புதான். ஆனால் அந்த இடத்தில் யாரும் சோதிக்காத ஒரு புதிய மொழிபெயர்ப்பு அரை மணி நேரத்தில் பிறந்துவிட்டது. வலிக்கு மூன்று சொல்லில் எதைச் சொன்னாள், கடந்த வாரத்தை எப்படிச் சொன்னாள், எறும்பு வந்ததா ஊசி வந்ததா, யாருக்கும் தெரியாது. சோதித்த துருக்கித் தாளை நேராகப் பாட்டி கையில் கொடுத்திருக்கலாம், எழுத்து தெரியாதவர் என்றால் பயிற்சி பெற்ற ஒருவர் அதை வாசித்துக் காட்டியிருக்கலாம். 21-ஆம் கேள்வியைப் பேத்தி பாட்டியிடம் கேட்டிருக்கவே மாட்டாள்.